காசிமேட்டு மாடி வீட்டில் ஒளியிழை இணைப்பு: கதவைச் சாத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது

காசிமேடு_மாடிவீடு:
கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பழைய செம்புக் கம்பி இணைப்பில், உப்புக் காற்றால் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதும் மழைக்காலத்தில் தொலைபேசி கரகரப்பதும் வழக்கமாகிவிட்டதால், ஒளியிழைக்கு மாறினோம். வேகத்தில் குறையில்லை. ஆனால் சில நாட்களாக வாசற்கதவைச் சாத்தினால் மோடத்தில், ஒளி வந்து சேரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது, திறந்தால் அணைந்துவிடுகிறது. வயர் கதவு நிலையின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது. மோடம் பெட்டியை மாற்ற வேண்டும் என்கிறார்கள் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தார். ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, இத்தனை மூலை முடுக்குகளில் திரும்பி வருவது எப்படி, எவ்வளவு வளைக்கலாம்? இடி இடிக்கும்போது கழற்றி வைக்க வேண்டுமா? மின்சாரம் போனால் தொலைபேசி வேலை செய்யுமா?

பெரம்பூர்_இயற்பியல்:
ஐயா, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். உங்கள் வயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் நடுவே ஒளி செல்லும் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் அதைச் சூழ்ந்த கண்ணாடி வெளியுறையைவிட அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே அதிகம் என்றாலும், அந்தச் சிறு வேறுபாடு போதும்: உள்ளகச் சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 85 பாகைக்கு மேல் சாய்ந்து அந்தச் சுவரில் படும் ஒளி வெளியேற வழியின்றி முழுமையாக உள்ளுக்குள்ளேயே எதிரொளிக்கிறது. இதைத்தான் பாடப்புத்தகம் முழு அக எதிரொளிப்பு என்கிறது. (இத்தனை மெல்லிய இழையில் ஒளியைக் கதிராக அல்லாமல் அலையாகக் கணக்கிடுவதே சரி, ஆயினும் புரிந்துகொள்ள இந்தப் படம் போதும்.) இழையைக் கூர்மையாக மடித்தால் அந்தக் கோணம் குறைந்து ஒளி உறைக்குள் கசிந்துவிடுகிறது. ஆகவே கோளாறு பெட்டியில் இல்லை, உங்கள் கதவு நிலையில்தான்.

இழை வழியே ஒளியை அனுப்புவது பழைய செய்தி. 1954-இல் இயற்பியலாளர்கள் கபானியும் ஹாப்கின்ஸும் இழைக்கட்டு வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டிவிட்டனர். ஆனால் அன்றைய கண்ணாடியில் சில மீட்டருக்குள் ஒளி மங்கிவிடும். குறை கண்ணாடியின் இயல்பில் இல்லை, அதில் கலந்துள்ள மாசில்தான் என்று சார்லஸ் காவ் 1966-இல் வாதிட்டார். இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலாகக் குறைத்தால், அதாவது நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே, தொலைத்தொடர்புக்குப் போதும் என்றார். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினர். காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல், பதினைந்து கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி மிஞ்சும்.

திருவொற்றியூர்_ஸ்ப்ளைசர்:
பெரம்பூர் இயற்பியல் ஆசிரியை சொன்னது சரி. பெட்டியை மாற்றினாலும் கதவு அதே இடத்தில்தான் இருக்கும். உலாவியில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஆர்.எக்ஸ். பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் வலு, எத்தனை டி.பி.எம். என்று பாருங்கள்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 25-க்குள் இருந்தால் கவலையில்லை; மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு தடுமாறும். கதவைத் திறந்து ஒருமுறை, சாத்தி ஒருமுறை குறித்துவைத்து, அந்த இரண்டு எண்களையும் வருபவரிடம் காட்டினால் பேச்சுக்கே இடமிருக்காது.

வளைவைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே வரும் இழை பத்து மில்லிமீட்டர் ஆரம்வரை தாங்கும். சாதாரண இழைக்கு முப்பது மில்லிமீட்டராவது வேண்டும். எது போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாதாகையால், முப்பதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டரிலும், நீங்கள் அனுப்புவது 1310-இலும் ஒரே இழையில் செல்கின்றன. நீண்ட அலைநீளமே வளைவில் அதிகம் கசியும் என்பதால், வருகின்ற ஒளிதான் முதலில் அடிபடும்.

நிலைக்கு மேலே சுவரில் தனியாக ஒரு துளை போட்டு வயரை எடுக்கச் சொல்லுங்கள். நசுங்கிய பகுதியை வெட்டிவிட்டு, மெஷினில் வைத்து ஜாயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல ஜாயின்ட்டில் இழப்பு 0.05 டெசிபலுக்குள் நிற்கும். வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாமல் ஒட்டுநாடாவில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. பச்சை நிற முனையை நீல நிற முனையோடு செருகக்கூடாது: பச்சையின் நுனி எட்டு பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

இடியைப் பற்றிக் கேட்டீர்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் தெருவிலிருந்து வரும் வயரில் பாரம் தாங்க ஓர் எஃகுக் கம்பி சேர்ந்திருக்கும். அதை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே பிரித்துக் கட்டிவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. பலர் சோம்பலில் அப்படியே உள்ளே இழுத்துவிடுகிறார்கள். மோடத்தின் மின் அடாப்டரை மட்டும் கழற்றிவிடுங்கள்.

எண்ணூர்_டவர்லைன்:
பயன்பாடு இணையத்தோடு முடிவதில்லை. உயர் மின்னழுத்தக் கோபுரங்களின் உச்சியில் மின்னலைத் தாங்கச் செல்லும் புவிக்கம்பி பலவற்றின் உள்ளே ஒளியிழைதான் ஓடுகிறது. துணைமின் நிலையங்கள் அதன் வழியே பேசிக்கொள்கின்றன. பக்கத்திலேயே எத்தனை கிலோவோல்ட் இருந்தாலும் அந்தச் சைகையில் இரைச்சல் ஏறாது. நம் ஊரிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழை செல்கிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பழைய செம்புத் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. இழையில் அப்படி வராது, வீட்டில் மின்சாரம் போனால் தொலைபேசியும் போய்விடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நாட்களை வடசென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வையுங்கள். வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசிமேடு_மாடிவீடு:
மூவருக்கும் நன்றி. கதவைத் திறந்தால் மைனஸ் 21, சாத்தினால் மைனஸ் 29. இரண்டையும் படம் பிடித்து அனுப்பியதும், பெட்டியை மாற்றும் பேச்சை விட்டுவிட்டு, துளை போட ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எஃகுக் கம்பி எங்கள் வீட்டிலும் மோடம்வரை வந்திருக்கிறது. அதையும் அன்றைக்கே பிரிக்கச் சொல்கிறேன்.