பென்டோ (ஜப்பானிய டப்பா சாப்பாடு) கட்டிய கதை, சாப்பிட்ட கதை இருந்தால் சொல்லுங்கள்

நிஷிகசாய் அம்மா:
மகளை இங்கே ஜப்பானில் யோச்சியெனில் (மழலையர் பள்ளி) சேர்த்த முதல் வாரம். சோற்றின் மேல் நோரியை (காய்ந்த கடல்பாசித் தாள்) வெட்டி ஒரு பூனை முகம் ஒட்டி, சூடாகச் சாப்பிடட்டுமே என்று ஆவி பறக்க மூடிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் நோரி சுருங்கி, கண் ஒரு மூலையில், மீசை ஒரு மூலையில். “பூனை அழுதுதும்மா, அதான் சாப்பிடல” என்றாள்.

மேல்வீட்டு ஜப்பானிய அம்மாதான் விளக்கினார். பென்டோ ஆறிப்போய்ச் சாப்பிடுவதற்கென்றே செய்வது. சோறு, முட்டை, காய் எல்லாம் முழுக்க ஆறின பிறகுதான் மூடி, இல்லையென்றால் வேர்த்துக் கெட்டுவிடும். சோற்று நடுவில் ஒரு உமெபோஷி வைப்பதும் கெடாமல் இருக்கத்தான் (உப்பில் ஊறவைத்த ஒரு ஜப்பானியக் காய், நம்ம மாவடுக்குத் தூரத்துச் சொந்தம், உப்பும் புளிப்பும் மட்டும் மண்டையில் ஏறும்). நோரியை நேரே சோற்றில் வைக்காதே, சீஸ் துண்டில் ஒட்டி வெட்டி வை, சுருங்காது என்றார். எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்பகெட்டி வித்தைதான். முட்டையில் காரட் பூவை நிறுத்தப் பல்குச்சி செருகினால் பிள்ளைகள் வாயில் குத்தும், அதற்குப் பதில் வேகாத ஸ்பகெட்டியை ஒடித்துச் செருகினால் மதியத்துக்குள் ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகிவிடும், அப்படியே தின்றுவிடலாம். எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ!

கியாராபென் என்று கார்ட்டூன் முகமெல்லாம் செய்கிறார்களே, அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. எலுமிச்சைச் சோற்றை உருட்டிக் கோழிக்குஞ்சு, அதோடு சரி.

சாசேஜ் சித்தப்பா:
சாசேஜின் கீழ்ப்பாதியை நீளவாக்கில் ஆறு கீறல் போட்டு வாணலியில் புரட்டுங்கள், கால் விரிந்து ஆக்டோபஸ் ஆகிவிடும். ரெண்டு நிமிஷ வேலை. என் மகன் காலை முதலில் தின்பான், தலையைத் தங்கைக்குத் தருவான்.

ரயில் பைத்தியம்:
எனக்குச் சமைக்கத் தெரியாது, ஸ்டேஷன் பென்டோ, அதாவது எகிபென் மட்டும்தான் தெரியும். குன்மாவில் யோகோகாவா ஸ்டேஷன் போனால் தோகே நோ காமாமேஷி என்ற எகிபென் வாங்குங்கள். 1958லிருந்து மஷிகோ என்ற ஊர் மண்சட்டியில் தருகிறார்கள்: சோற்றின் மேல் கோழி, மூங்கில் குருத்து, காளான், காடை முட்டை, ஒரு ஓரமாக ஆப்ரிகாட் கூட. அந்தக் காலத்தில் உசுய் கணவாய் ஏற ரயிலுக்குக் கூடுதல் எஞ்சின் மாட்டும்வரை அங்கே நின்றாக வேண்டும், அந்த இடைவெளியில் ஜன்னலோரம் அமோகமாக விற்றிருக்கிறது. 1997இல் ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) வந்து கணவாய்ப் பாதையை மூடிவிட்டார்கள், இப்போது யோகோகாவாதான் கடைசி ஸ்டேஷன். சட்டியைத் தூக்கிப் போட மனசே வராது. நான் வீட்டில் அதில் வெண்பொங்கல் வைத்தேன்.

நிஷிகசாய் அம்மா:
பொங்கலா! நேரே கேஸ் அடுப்பிலா வைத்தீர்கள்? விரிசல் விடவில்லையா?

ரயில் பைத்தியம்:
சின்னத் தீதான். சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பொங்கல்தான் கொஞ்சம் அடிப்பிடித்தது.