செமினாருக்கு 3 நாள் போகவில்லை, வார்னிங் லெட்டர் வந்துவிட்டது

லயத்துக்காரி:

வணக்கம். மலேசியாவில், ஈப்போவில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன். வீடு சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு). தினமும் மோட்டாரில் செம்மோர் வழியாகப் போய் வருகிறேன். திங்கட்கிழமை காலை 8 முதல் 10 வரை செமினார், வாரத்துக்கு ஒன்று, மொத்தம் 14 வாரம். 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் இறுதித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள்.

9 வாரம் முடிந்தது, 3 நாள் போகவில்லை. ஒரு நாள் காய்ச்சல், எம்சி (மருத்துவச் சான்று) கொடுத்துவிட்டேன். இன்னொரு நாள் பாட்டி இறந்து காரியம். மூன்றாவது நாள் நல்ல மழையில் டயர் பஞ்சர். போய்ச் சேரும்போது 9:10. கதவைத் திறக்கக் கூச்சப்பட்டு, கேன்டீனில் தே தாரே குடித்துவிட்டு வந்துவிட்டேன். திட்டாதீர்கள்.

அதைவிடக் கஷ்டம், பங்கேற்புக்கு 20 மார்க். பாதி செமஸ்டரில் எனக்கு 10க்கு 2! எல்லாம் படித்துக்கொண்டுதான் போகிறேன். மற்றவர்கள் படபடவென்று ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். நான் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. வந்து உட்கார்ந்ததற்கு மதிப்பே இல்லையா?

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, 14இல் 80 விழுக்காடு 11.2. அப்படியென்றால் 12 நாள் போயே ஆக வேண்டும், 2 நாள்தான் விடலாம். எம்சியையும் பாட்டி காரியத்தையும் ஏற்றுக்கொண்டால் உன் கணக்கில் 1 நாள்தான். பாட்டியின் இறப்புப் பத்திர நகலோடு நாளைக்கே கடிதம் கொடு. வாட்சாப்பில் சொன்னேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

டுரியான் மண்டை:

வாயாடிக்கு 20 மார்க், ஊமைக்கு 2. நல்ல படிப்பு லா.

பழைய டீச்சர்:

தம்பி டுரியான், கொஞ்சம் பொறு. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், பிறகு 20 வருஷம் கல்லூரியில் செமினார் நடத்தியவள். எங்கள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. ஆனால் பெரட்டில் நின்றதற்காக யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. வாளியில் பால் வர வேண்டும்.

லெக்சருக்கு நீ போகாவிட்டால் நஷ்டம் உனக்கு மட்டும்தான். செமினாரில் பதினைந்து பேர் உட்கார்ந்து ஒருவர் படித்ததை ஒருவர் கேட்டுத்தான் பாடமே நகர்கிறது. நீ வாயைத் திறக்காவிட்டால் மற்ற பதினாலு பேருக்கும் ஒரு பங்கு குறைகிறது. மார்க் அதற்குத்தான். அதே சமயம் ஆங்கில வேகத்தைப் பங்கேற்பு என்று அளப்பது தப்பு, நானே ஆரம்பத்தில் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது, ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடு. நேரம் போகப் போகத் தொண்டை அடைக்கும். வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரைத் தனியாகப் பார்த்து, இடையில் மலாயில் பேசலாமா என்று கேள். அப்புறம் அந்த 9:10! இன்னும் 50 நிமிடம் இருந்திருக்கிறது, பிள்ளை. நனைந்துபோய் வந்த பிள்ளையை யாரும் விரட்ட மாட்டார்கள்.

அடுத்த வாரம் என்ன தலைப்பு?

லயத்துக்காரி:

தோட்டத் துண்டாடல், டீச்சர். வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது, தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, இதெல்லாம்தான்.

பழைய டீச்சர்:

அடிப்பாவி! சம்பந்தன் பிறந்த ஊரிலிருந்து போகிறாய், பேச விஷயம் இல்லையா? வீட்டில் பெரியவர்கள் யாராவது பங்கு வாங்கியிருப்பார்களே, கேட்டுப் பார்.

லயத்துக்காரி:

கடிதம் இன்று கொடுத்துவிட்டேன். மலாயில் பேசலாம் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார்.

தாத்தாவிடம் கேட்டேன். பங்குக்காக மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டினாராம். பங்குப் பத்திரம் சாமி படத்துக்குப் பின்னால்தான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. துண்டாடலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் லயத்தைக் காலி செய்த கதையை ராத்திரி பதினொன்று வரைக்கும் சொன்னார். என் கேள்வி தயார்: லயத்தை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள்? நாங்கள் படித்த கட்டுரையில் ஏக்கர் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

பத்திரத்தைக் கொண்டுபோகத் தாத்தா விடவில்லை. போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எடுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.