புதுப்பிப்பு: மாடித்தோட்டத்தில் ஒரே மாதிரி தொட்டிகள்

நாற்பது தொட்டி வைத்தும் மொட்டை மாடி ஏன் கலைந்து கிடப்பது போலத் தெரிகிறது என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன், செடி எத்தனை என்பதை விடுங்கள், வகையைக் குறையுங்கள் என்றீர்கள். செய்துவிட்டேன். பெயின்ட் வாளி, பழைய குடம் எல்லாம் போய், கைப்பிடிச் சுவர் ஓரமாக 12 அங்குல மண் தொட்டி மட்டும்தான், தொட்டிக்கு ஒன்றாகச் சிவப்பு இட்லிப்பூ ஏழு, ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒரு மருள் (வாள் போல நிமிர்ந்த இலைச் செடி). அடடா, மாடியே நீண்டுவிட்டது போல இருக்கிறது!

நான் நினைக்காத லாபம் தண்ணீரில்தான். அளவும் மண்ணும் ஒன்று என்பதால் இட்லிப்பூத் தொட்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காய்கின்றன, ஒன்றில் விரல் விட்டுப் பார்த்தால் போதும். மருளுக்கு வாரம் ஒருமுறை. அப்புறம், மாவுப்பூச்சி வந்தால் வரிசை முழுக்கப் பரவும், அதனால் தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.