மாதவிடாய் நின்ற பிறகு மறுபடியும் ரத்தம் பட்டதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல்:
அம்மாவுக்கு 61. தீட்டு நின்று பத்து வருடம் இருக்கும். வளைகாப்பு வீட்டில் பாத்ரூம் கதவைச் சாத்தாமல் உள்பாவாடையை அலசிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் செம்மண் நிறம். "சூடுதான்டி, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்றார். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சுவர் 14 மி.மீ. 4-க்கு மேல் போனாலே பயாப்ஸி, அதாவது உள்சுவரில் துளி சதை எடுத்துச் சோதனை, பார்ப்போம் என்றார் டாக்டர். பார்த்ததில் புற்றுநோய், முதல் கட்டம். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, தேறிவிட்டார். ஹார்மோன் மாத்திரை எதையும் அவர் தொட்டதே இல்லை. உடம்பு கனம், சர்க்கரையும் உண்டு. சினைப்பை ஓய்ந்த பிறகும், அந்த உள்சுவரை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உடம்புக் கொழுப்பில் உருவாகிக்கொண்டே இருக்குமாம். எத்தனை நாளாக இப்படித் தனியாக அலசினாரோ, இன்றுவரை வாய் திறக்கவில்லை.

துளசிமாடம்:
உடம்பு தகிப்பு தாங்காமல் போனபோது டாக்டர் எனக்கு ஹார்மோன் எழுதிக்கொடுத்தார். சீட்டை மடித்து அரிசி டப்பாவில் போட்டேன், வாங்கவே இல்லை. யாரும் வாங்காதீர்கள். புற்றுநோயை விலை கொடுத்து வாங்குவது அது.

காவேரிக்கரை:
துளசிமாடம், ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்திய ஆய்வை நினைத்துப் பயந்தால், அது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்று இரண்டு வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. கூடியது மார்பகப் புற்றுநோய். நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தவள் நான், ஈஸ்ட்ரோஜன் மட்டும் போட்டுத்தான் இரவில் தூங்குகிறேன். ஆனால் என் நாத்தனார், "எனக்கும் அதே எரிச்சல்தான் அண்ணி" என்று என் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைப் பிதுக்கி முந்தானையில் முடிந்தபோது பதறிப்போய்ப் பிடுங்கினேன். அவளுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது! புரோஜெஸ்ட்ரோன் சேராமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். 1975-லேயே ஆய்வுகள் எச்சரித்த விஷயம். அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேப்பம்பூ:
பெரியம்மா மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் போடுகிறார். நடுவில் லேசாகப் பட்டது, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி என்று எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த மாத்திரை மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், பாப் ஸ்மியர் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, உள்சுவருக்கானது இல்லை. இப்படிப் படுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆனாலும் ஒரு சொட்டு பட்டாலும் காட்டிவிடுங்கள். எந்தத் தேதி, எவ்வளவு என்று காலண்டரில் குறித்து எடுத்துப்போங்கள். போடுகிற மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டுக்கொள்ளுங்கள். பயாப்ஸி என்றால் வலி மாத்திரை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள்.