பொருள்: வர்க்கப் பூர்த்தியில் கூட்டுகிற எண்ணுக்கு ஒரு பெயர்

நாகர்கோவிலிலிருந்து:
நம் கலைச்சொல் பட்டியலில் முறையின் பெயரில் கை வைக்க வேண்டாம். இருபடிச் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் முறைக்கு வர்க்கப் பூர்த்தி என்ற பெயர் பிள்ளைகள் வாயில் பழகிவிட்டது. பெயரில்லாமல் கிடப்பது, இருபுறமும் கூட்டுகிறோமே, அந்த எண்தான். போர்டில் 'அதைக் கூட்டு' என்கிறோம். பிள்ளை எதையோ கூட்டுகிறது. 2ய² − 7ய + 3 = 0 என்று கொடுத்தால், 7-ஐ நேரே பாதியாக்கி 49/4 கூட்டி வைக்கிறார்கள். முதலில் 2-ஆல் வகுக்க வேண்டாமா? ய² − (7/2)ய = −3/2. அதற்குப் பிறகுதான் பாதி: 7/4. அதன் வர்க்கம் 49/16. கூட்டினால் (ய − 7/4)² = 25/16; ய = 3 அல்லது 1/2. என் பரிந்துரை 'நிரப்பெண்'.

தக்கலையிலிருந்து:
நிரப்புக் கோணம், நிரப்புக் கணம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது சார். நம்மூரில் பைசா போதாது என்பதற்கு 'பைசா திகையாது' என்போமே, அதிலிருந்து 'திகைவெண்' எடுத்தால் என்ன?

மார்த்தாண்டத்திலிருந்து:
நமக்குச் சரி டீச்சர். மதுரை தாண்டினால் திகைப்பு என்றுதான் படிப்பார்கள். வினாத்தாளில் அந்தச் சொல் வேறு வேண்டுமா!

'மூலைச்சதுரம்' என்பேன். 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி ய² + 10ய = 39 என்பதற்குப் படம் போட்டே விடை கண்டார். ய பக்கமுள்ள சதுரம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் 5 அகலத்தில் இரு பட்டைகள். மூன்றும் சேர்ந்து 39. மூலையில் 5க்கு 5 காலியாக நிற்கும். அந்த 25-ஐ வைத்தால் 64, பக்கம் 8, ய = 3. பட்டையின் அகலம் 10 இல்லை, 5 என்று கண்ணால் பார்த்தவன் பாதியாக்க மறக்கமாட்டான். இன்னொரு விடையான −13 மட்டும் படத்தில் வராது. ± குறியைத் தனியே சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:
ய² − 6ய வந்தால்? அங்கே காலி மூலை ஏது?

மார்த்தாண்டத்திலிருந்து:
ய பக்கச் சதுரத்திலிருந்து 3 அகலப் பட்டைகள் இரண்டைக் கழியுங்கள். இரண்டும் குறுக்கிடும் மூலை, 3க்கு 3, இரண்டு தடவை கழிபடும். ஒரு தடவைக்கான 9-ஐத் திருப்பிக் கொடுத்தால் மிஞ்சுவது (ய − 3)². மூலை அங்கேயும் உண்டு.

தக்கலையிலிருந்து:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரையறையில் 'பாதிக் கெழுவின் வர்க்கம்' (கெழு என்றால் ய-வின் முன் நிற்கும் எண்) என்று எழுதாதீர்கள். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழியில் முதற்கெழுவின் 4 மடங்கால் பெருக்குவோம். மேலே உள்ள 2ய² − 7ய + 3 = 0 கணக்கில் 8-ஆல்: 16ய² − 56ய = −24. 49 கூட்டினால் (4ய − 7)² = 25. பின்னமே வராது, நடு உறுப்பின் பழைய கெழு 7, அதன் வர்க்கம்தான் கூட்டப்படுகிறது. பாதியாக்கவும் இல்லை.

இன்னொன்று: மூலை, மூலம் (சமன்பாட்டின் விடை) இரண்டும் ஒரே கணக்கில் வருகின்றன. அவசரத்தில் எழுதும் பிள்ளை 'மூலச்சதுரம்' என்று எழுதும்.

நாகர்கோவிலிலிருந்து:
எழுதட்டும், திருத்திக்கொள்ளலாம். நிரப்பெண்ணை நான் விட்டுவிட்டேன். பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: மூலைச்சதுரம் – இருபடி உறுப்போடும் ஒருபடி உறுப்போடும் கூட்டும்போது முழு வர்க்கம் தரும் எண், சமன்பாட்டில் இருபுறமும் கூட்டப்படும். கீழே படம் இரண்டு: கூட்டலுக்கு ஒன்று, கழித்தலுக்கு ஒன்று. கழித்தல் படத்தை மார்த்தாண்டத்து சாரே வரைந்து அனுப்பட்டும்.