சதுர ஓட்டை போடறதுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

வியாசர்பாடி பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஏரியா பசங்களுக்கு சாயங்காலம் மெஷினிஸ்ட் பாடம் எடுக்கறோம்னு எழுதியிருந்தேன்ல, அதுக்கு தமிழ்ல குறிப்பு அடிச்சுக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகணும். கடைசல், துளை, அரம் எல்லாம் ஓடிடுச்சு, புரோச்சிங்ல, அதாவது சதுர ஓட்டை போடற வேலையில, வந்து முட்டிக்கிட்டு நிக்குது. "துளை சீராக்கல்"னு போட்டுப் பாத்தேன், அது ரீமிங்குக்கும், அதான் போட்ட ஓட்டையை அளவுக்கு நைசாக்கறதுக்கும், பொருந்துது.

விஷயம் தெரியாதவங்களுக்கு: லேத்து சக்குல, இரும்பைக் கவ்விப் பிடிக்கற தலையில, சாவி போடற சதுர ஓட்டை இருக்கும்ல, அந்த மாதிரி. சுத்தற டிரில்லு வட்டமாத்தான் போடும். அதனால மொதல்ல ரவுண்டா ஒரு ஓட்டை, அப்புறம் நீளமா ஒரு டூல், அதான் புரோச், உடம்பு பூரா வரிசையா பல்லு, ஒவ்வொரு பல்லும் முந்தினத விட மயிரிழை பெருசு, அத பிரஸ்ல அழுத்தினாலோ அந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்தாலோ ஒரே போக்குல ரவுண்டு சதுரமாயிடும். 10 மி.மீ. சதுரம்னா மூலைக்கு மூலை 14.14, ஆக 10 மி.மீ. ரவுண்டுலேர்ந்து ஒரு மூலைக்கு 2.07 போகணும், பல்லுக்கு 0.05 ஏறுதுன்னா 42 பல்லு. இந்த டூலுக்கும் வேலைக்கும் சேத்து ஒரு சொல் குடுங்க, பசங்க வாயில நுழையணும், அவ்ளோதான்.

திருவொற்றியூர் தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பிக்கு வாழ்த்து. புதுசா எதுக்குக் கட்டணும், கைவசம் சொல் இருக்கே. தமர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்க, கருவியால போட்ட துளைக்கும் அந்தத் துளைபோடற கருவிக்கும் ஒரே பேர்தான், தமர். நீங்க கேட்ட மாதிரியே டூலும் வேலையும் ஒரே சொல்லுல அடங்குது. துளை போடற ஊசி தமரூசி. நாலு பக்கம் இருக்கறதால நால், அதோட தமர், புணர்ச்சில லகரமும் தகரமும் சேந்து றகரமாகும், நால் திசை நாற்றிசை ஆனாப்பல. ஆக நாற்றமர்.

எண்ணூர் டர்னர்:

> ஆக நாற்றமர்.

சார் இன்னா சார் இது. இத்த படிச்சுட்டு பையன் மூக்கப் பொத்திக்குவான். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் குடியிருக்கற புள்ளைங்களுக்கு நாத்தத்துக்குப் பாடம் வேற நடத்தணுமா. அதுவும் இல்லாம தமர்னா சொந்தக்காரங்கன்னு குறள்ல படிச்ச ஞாபகம். நாலு சொந்தக்காரனை இரும்புல ஏத்தற வேலையா இது?

திருவொற்றியூர்:

சிரிப்பு இருக்கட்டும். நாற்றம்னா பழந்தமிழ்ல நறுமணந்தான், மொட்டுக்குள்ள இருக்கற நாற்றம்னு வள்ளுவர் காமத்துப்பால்ல சொல்றது குப்பைமேட்டை இல்ல. பின்னால வந்தவங்க சொல்லைக் கெடுத்தா சொல் என்ன பண்ணும்? உறவுக்குச் சொல்ற தமர் வேற, இது வேற. பெரியாரைப் பேணித் தமராக் கொளல்னு 443ஆவது குறள்ல வர்றது உறவு. ஒரே எழுத்துல ரெண்டு சொல் இருக்கறது தமிழுக்குப் புதுசா, திங்கள் இல்லையா, மாலை இல்லையா.

பெரம்பூர் பழைய ஃபிட்டர்:

நடுவுல புகுந்துக்கறேன். சொல்லு அப்புறம், மொதல்ல வேலை. பையன் கையில புரோச் குடுக்கறதுக்கு முன்னாடி டிரில் போட்டு சதுர அரத்தால ராவ வையுங்க. நாங்க அப்ரண்டிஸா இருந்தப்ப அதுக்குப் பொருந்தற சதுரக் கட்டையும் நாமளே ராவணும், உள்ள விட்டு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா நாலு பக்கமும் ஒளிக்கீத்து தெரியக்கூடாது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தெரியக்கூடாது, அதான் சங்கதி. ஒரு சதுரத்துக்கு நாள் கணக்காகும், தோள்பட்டை விட்டுப்போகும். அதுக்கப்புறம் ஸ்லாட்டிங் மெஷின், உளி மேலயும் கீழயும் போய் வரும், மூலைக்கு மூலை இரும்புத் துண்டைத் திருப்பி வெக்கணும். ஆயிரக்கணக்குல வேணும்னாத்தான் புரோச், ஏன்னா சைஸுக்கு ஒரு டூல், அது காசு.

சுத்தற டிரில் வட்டந்தான் போடும்னு எழுதியிருக்கீங்க, அதுவும் முழுசா சரியில்ல தம்பி. உப்பின முக்கோணம் ஒண்ணு இருக்கு, ஜெர்மன் எஞ்சினியர் ரெலோ பேர்ல, எப்படித் திருப்பினாலும் அகலம் மாறாது. அத சதுரச் சட்டத்துக்குள்ள உருட்டினா 98.8 சதவீத இடத்தைத் தொட்டுடும், மூலை மட்டும் கொஞ்சம் மழுங்கும். அந்த ஐடியாவுல 1917ல அமெரிக்காவுல வாட்ஸ்ங்கறவர் சதுர டிரில்லுக்குக் காப்புரிமையே வாங்கினாரு. சுத்தறப்ப நடுப்புள்ளி ஒரு இடத்துல நிக்காது, அதனால மிதக்கற சக்கும் மேல ஒரு சதுர வழிகாட்டித் தகடும் வேணும்.

வியாசர்பாடி:

அண்ணே அருமை, உப்பின முக்கோணத்தை அட்டையில வெட்டிக் காட்டறேன். ஆனா இன்னிக்கு புதன்.

திருவொற்றியூர்:

தமர் வேண்டாம்னா இன்னொண்ணு. சீவற உளி சீவுளி, இழைக்கிற உளி இழைப்புளி. பல்லு வெச்ச உளி பல்லுளி. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், நன்னூல் சொல்றது, அதனால லகரம் இரட்டிச்சிருக்கு. இதுல இன்னொரு அழகு, பல்லுயிர்ல வர்ற பல் பலங்கறதைக் குறிக்கும், பல்லுளியிலயும் அப்படியே எடுத்துக்கலாம், ஒரு உளிக்குப் பதிலா பல உளி வரிசையா நிக்குது. பல்லும் சரி, பலவும் சரி.

எண்ணூர்:

இது நல்லாருக்கு சார். ஓட்டைக்கு சவுக்க ஓட்டைன்னு போடுங்க. கொத்தனாருங்க சவுக்கமா கட்டுன்றாங்க, எல்லாருக்கும் புரியும்.

திருவொற்றியூர்:

சவுக்கம் வடக்கேர்ந்து வந்தது.

எண்ணூர்:

சதுரம் மட்டும் மண்ணடியிலயா சார் பொறந்துச்சு? அதுவும் வடமொழிதான.

(இதுக்கப்புறம் பதினோரு மடல் சவுக்கம், சவுக்கை, தோள்ல போடற சவுக்கம் மூணும் ஒண்ணான்னு போச்சு. விட்டுடறேன். பட்டறை.)

வியாசர்பாடி:

நேத்து சாயங்காலம் வகுப்புல பல்லுளிய விட்டுப் பாத்தேன். கம்ப்ரசர் ஓடற சத்தத்துல பின்வரிசைப் பையன் "இன்னாண்ணா, பல்லு வலியா, கிராம்பு வெய்ங்க"ன்றான். அதுக்கப்புறம் எல்லாரும் புரோச்ச "பல்லு வலி"ன்னே கூப்பிடறாங்க. ஒண்ணு மட்டும் சொல்லணும், எதைச் சொல்றோம்னு யாருக்கும் குழப்பம் இல்ல.

இன்னொரு தொல்லை, ரோட்டரி புரோச். அடி மூடின ஓட்டையில நீளப் புரோச் நுழையாது, அதுக்கு இதுதான். டூலோட அச்சு 1 டிகிரி சாஞ்சிருக்கும், பேரிங்ல சும்மா கூடவே சுத்தும், சாஞ்சிருக்கறதால விளிம்பு மொத்தமா அழுத்தாம ஒரு பக்கம் மாத்தி ஒரு பக்கமா கடிச்சுக்கிட்டே இறங்கும். ஆழம் அகலத்தைப் போல ஒண்ணரை மடங்கு வரைக்கும் தாங்கும். சாதா லேத்துலயே போடலாம். இதுக்கென்ன பேரு?

பெரம்பூர்:

பம்பரம் சாகப்போறப்ப தலையாட்டுமே, அப்படி. பம்பரப் பல்லுளி.

எண்ணூர்:

பம்பரம் வேணாம் தலைவரே. கேஸ் போடறவரு சிலிண்டரைச் சாய்ச்சு உருட்டிக்கினு வருவாரு பாருங்க, மொத்த வெயிட்டும் விளிம்புல ஒரே இடத்துலதான் இறங்கும், அந்த இடம் மாறிக்கினே வரும். அச்சு அசலா அதான் இது. சாய்வுருட்டு.

வியாசர்பாடி:

சாய்வுருட்டு எனக்குப் புடிச்சிருக்கு. இதுவரைக்கும் பல்லுளிக்கு நாலு பேர், புரோச்சையே வெச்சுடுன்னு மூணு பேர், தமருக்கு ஒருத்தர். ராத்திரி பதினொண்ணரை ஆகுது, தலைப்புல புரோச்சிங்னு போட்டுட்டு உள்ள பல்லுளின்னு அடிக்கறேன். திட்டறவங்க சனிக்கிழமைக்கு மேல திட்டுங்க.

திருவொற்றியூர்:

என் மறுப்பைப் பதிஞ்சுக்கோங்க. பல்லுளி நானே சொன்னதுதான், இருந்தாலும் தமர் இருக்க அது எதுக்கு. செத்த சொல்லுன்னு தனிமடல்ல ஒருத்தர் எழுதினார், அதனால இன்னிக்குக் காலைல தேரடிப் பக்கம் செருப்பு தைக்கறவர்கிட்ட ஊசியைக் காட்டி இதுக்கு என்னப்பா பேருன்னு கேட்டேன். ஊசிதான் சார்னுட்டார். அவர் சின்ன வயசுக்காரர். அவங்க அப்பா ஞாயித்துக்கிழமை கடைக்கு வர்றாராம், போய்க் கேட்டுட்டு எழுதறேன்.