சுண்ணாம்பு நீர் ஏன் பால்போல் மாறவில்லை?

காரைக்குடி, வேதியியல் ஆசிரியர்:

பிளஸ் டூ செய்முறையில் கார்பனேட் உப்பு வந்தால் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் உப்பு நுரைத்துப் பொங்கும். அப்போது வரும் கார்பன் டைஆக்சைடு வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டால் அது பால்போல் மாறவேண்டும், ஆனால் ஒரு மாற்றமும் தெரியாது. பெரும்பாலும் குறை உப்பில் இருக்காது, சுண்ணாம்பு நீரில்தான் இருக்கும். மூடி தளர்ந்த பாட்டில் என்றால், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடே கால்சியம் ஹைட்ராக்சைடைத் தீர்த்துவிடும். மேலே மிதக்கும் மெல்லிய ஏடு அப்படி உண்டான கால்சியம் கார்பனேட்தான். காரத்தில் சிவக்கும் நிறங்காட்டியான பினாப்தலின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடர்ந்த இளஞ்சிவப்பு வரவேண்டும். நிறம் வெளிறியிருந்தால் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடலாம்.

புதிதாகத் தயாரிக்க, நீற்றிய சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) 5 கிராம், கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம்தான் கரையும், மீதி அடியில் தங்கும். சுடுநீரில் சீக்கிரம் கரையும் என்று நினைக்காதீர்கள். சூடு ஏற ஏற இது குறைவாகத்தான் கரையும். நன்றாகக் குலுக்கி, மூடி, ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் இறுத்துக் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நாள் தாங்கும்.

தேவகோட்டை, ஆய்வக உதவியாளர்:

சுண்ணாம்பு வாங்கும்போதே சோதித்துவிடுங்க சார். வெள்ளையடிக்கிற பவுடர் சிலது வெறும் சாக் (கால்சியம் கார்பனேட்) தூளாக இருக்கும். ஒரு சிட்டிகையில் நீர்த்த அமிலம் விட்டு, பொங்கி நுரைத்தால் அது ஏற்கனவே கார்பனேட், சுண்ணாம்பு நீருக்கு உதவாது. நல்ல நீற்றிய சுண்ணாம்பு அதிகம் நுரைக்காமல் லேசாகச் சூடாகிக் கரையும். வெற்றிலைச் சுண்ணாம்பு என்றால் மேலே காய்ந்த பொருக்கை நீக்கிவிட்டு, உள்ளே ஈரமாக இருப்பதை எடுக்கணும்.

சுட்ட சுண்ணாம்பை (கால்சியம் ஆக்சைடு) வகுப்பில் தண்ணீர் விட்டு நீற்றிக் காட்டுவதானால் 10 கிராமுக்கு மேல் வேண்டாம். பீங்கான் கிண்ணத்தில் வைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வெடித்து ஆவி கிளம்பும். பிளாஸ்டிக் கிண்ணம் கூடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவி, உடனே மருத்துவரிடம் கூட்டிப்போகணும்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

பால்போல் ஆகி உடனே தெளிந்துவிட்டால் இரண்டு காரணம் உண்டு. வாயு அதிகமாகப் போனால் கார்பனேட் கரைந்து கால்சியம் பைகார்பனேட் ஆகிவிடும். அல்லது உப்பும் அமிலமும் இருக்கும் குழாயைச் சூடாக்கியதால் அமில ஆவி கூடவே வந்து சுண்ணாம்பை நடுநிலையாக்கியிருக்கும். எது என்று அறிய, தெளிந்த நீரைக் கொதிக்க வையுங்கள். மறுபடி கலங்கினால் பைகார்பனேட், கலங்காவிட்டால் அமிலம். கார்பனேட்டுக்குச் சூடே வேண்டாம். அரை கிராம் உப்பு, 2 மில்லி அமிலம், 3 மில்லி சுண்ணாம்பு நீர் போதும். வாயுவைக் கொண்டுவரும் விடுகுழாயின் முனை சுண்ணாம்பு நீருக்குள் 1 சென்டிமீட்டர் முங்கியிருக்கட்டும்.

நம் பகுதி வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதும், சுண்ணாம்பு கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட் ஆகும் இதே வினைதான். வழவழப்புக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள். இறுக்கம் தந்தது காற்றிலிருந்து மெதுவாக ஏறிய கார்பன் டைஆக்சைடு. இதைப் பிள்ளைகளே பார்க்கலாம். இரண்டு ஓட்டுத்துண்டுகளில் சுண்ணாம்புக் குழம்பை மெல்லிசாகப் பூசி, ஒன்றைக் காற்றுப் புகாத பையில் கட்டிவிடுங்கள், மற்றதைத் திறந்து வைத்து அவ்வப்போது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சில வாரம் கழித்து இரண்டிலும் பினாப்தலின் விட்டால், கட்டிவைத்தது சிவக்கும். திறந்து வைத்ததன் மேற்பரப்பு நிறமே காட்டாது. சுரண்டினால் அடியில் இன்னும் சிவக்கும் இடம் தெரியும்.

காரைக்குடி, வேதியியல் ஆசிரியர்:

அருமை டீச்சர். இன்னொன்று: சல்பைட் உப்பிலிருந்து வரும் சல்பர் டைஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் குழாய் வாயில் காட்டுங்கள். தாள் பச்சையானால் அது சல்பைட். வேலை முடிந்ததும் விடுகுழாயை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். நுரை அடங்கியபின் விட்டுவைத்தால் சுண்ணாம்பு நீர் பின்னால் உறிஞ்சி அமிலக் குழாய்க்குள் ஏறிவிடும்.